எலுமிச்சம்பழத்தின் மேல் நின்ற வாஷிங் மெஷின்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சுற்றுகிற எதைப் பார்த்தாலும் எனக்கு நேரம் போவது தெரியாது. கூரை விசிறி, மாவு அரைக்கும் கிரைண்டர், மைக்ரோவேவுக்குள் மெதுவாகத் திரும்பும் பால் டம்ளர், எதுவானாலும் சரி. பார்க்க ஆரம்பித்தால் அப்படியே நின்றுவிடுவேன். நாலாம் வகுப்பு ஆசிரியை என் ரிப்போர்ட் கார்டில், "நல்ல பிள்ளை, ஆனால் வகுப்பில் இருப்பதில்லை" என்று எழுதினார். (என் மகள் ஒரு நாள்கூட மட்டம் போட்டதில்லையே என்று அம்மா பள்ளிக்கூடத்துக்கே போய்ச் சண்டை போட்டார்.) கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று மலேசியாவில், எங்கள் ஊரான பத்து பாகாட்டில் இருந்த சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் சொன்னார்கள். கல்யாணமும் ஆயிற்று. அப்பா சீர்வரிசையோடு ஒரு வாஷிங் மெஷினும் வாங்கி அனுப்பினார். மேல்பக்கமாகத் திறக்கிற வகை. மூடி முழுக்கக் கண்ணாடி. என்னைப் பெற்ற அப்பா, என்னைப் பற்றி நன்றாகத் தெரிந்த அப்பா, இதைச் செய்திருக்கக் கூடாது.

வாழ்க்கைப்பட்டது செனாயில், விமான நிலையத்தை ஒட்டிய ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில். வரிசை வீடுகளில் நடுவீடு. பின்பக்கச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் விமானங்கள் தாழ்ந்து தாழ்ந்து இறங்குவது தெரியும். அந்த ஜன்னலுக்கு நேர் கீழேதான் மெஷினை வைத்தார்கள். மேலே விமானம், கீழே சுற்றுகிற தண்ணீர். நான் எங்கே உருப்பட? என் கணவர் தினேஷுக்குத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. எனக்கும் அங்கேயே இன்னொரு தொழிற்சாலையில் வேலை. சர்க்கியூட் பலகைகளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து, கோளாறு இருப்பதைப் பிரித்து ஒதுக்க வேண்டும். (ஆமாம், கோளாறு கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

மாமியார் சரோஜாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அத்தை அந்த மெஷினை வெறுக்கவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போல மரியாதையாக நடத்தினார். அதன் மேல் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, விரிப்பின் மேல் பழைய ரைஸ் குக்கர் பெட்டியை வைத்து, தன் துணிகளைக் குளியலறைத் தரையில் கும்மிக் கும்மித் துவைத்துக்கொண்டார். "மெஷின் தண்ணிய சுத்தும். அழுக்க கை தான் எடுக்கும்" என்பது அவர் கட்சி. அந்த மெஷின் எங்கள் அப்பா தந்தது. ஆகவே ரைஸ் குக்கர் பெட்டி என் நெஞ்சின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

அந்த வருடம் நவராத்திரியில் அத்தைக்கு ஒரு பெரிய காரியம் இருந்தது. தாமான் கோவிலில் ஒன்பதாம் நாள் சாயங்காலம், ஆயுத பூஜை அன்று, ஏழரை மணிக்கு மாதர் குழுவின் கோலாட்டம். எட்டுப் பெண்கள். தலைவி அத்தை. மூன்று வருடமாகக் கேட்டுக் கேட்டு, அந்த வருடம்தான் கோவில் கமிட்டி இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தது. அந்த இருபது நிமிடத்துக்காக அத்தை மூன்று மாதம் வீட்டு வாசலில் மற்ற ஏழு பேரையும் ஆட்டி வைத்தார். எட்டு பேருக்கும் ஒரே மாதிரி சேலை. மயில் நீலம், மஞ்சள் கரை, பட்டு மாதிரி பளபளக்கும் செயற்கைத் துணி. ஜொகூர் பாருவில் ஒரே கடையில் எட்டும் கிடைத்ததே சாமி செயல் என்று அத்தை நம்பினார்.

கடைசி ஒத்திகை அதற்கு முந்தைய நாள் சாயங்காலம், கோவில் மண்டபத்தில், சேலை கட்டிக்கொண்டே நடந்தது. ஆடுகிறவர்களுக்குத் தாகம் எடுக்குமே என்று நல்ல மருமகளாக ஒரு பெரிய ஜாடியில் சிராப் தண்ணீர் கரைத்துக்கொண்டு போனேன். ரோஜா நிறச் சர்க்கரைப்பாகு போட்டுக் கரைக்கிற அந்தக் குளிர்பானம்தான். ஜாடியை எங்கே வைப்பது? எல்லாருக்கும் சம தூரத்தில் இருந்தால்தானே வசதி. வட்டத்தின் நடுவில் வைத்தேன். மூன்றாவது பாட்டில் பார்வதி அக்கா உற்சாகமாகக் குனிந்து கோலை வீசினார். ஜாடி பறந்தது. வட்டம் என்றால் என்ன என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. எட்டு சேலைக்கும் சமமாகப் பங்கு கிடைத்திருந்தது.

யாரும் திட்டவில்லை. அத்தை மட்டும் சேலையில் இருந்த ரோஜா நிறப் புள்ளிகளை எண்ணுவது போல் பார்த்துக்கொண்டு நின்றார். அதைத் தாங்க முடியாமல் வாய் முந்திக்கொண்டது. "அத்தை, எட்டையும் நான் துவைச்சுத் தரேன். மெஷின்ல போட்டா ஒன்றரை மணி நேரம். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள காஞ்சிரும்."

"கையில துவைச்சிரலாம்மா யோகி."

"எட்டு சேலைய கையிலயா? எங்கப்பா மெஷின் எதுக்கு இருக்கு?"

அத்தை என் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, சரி என்று தலையாட்டிவிட்டார். அன்று வீட்டுக்குப் போனதும் ரைஸ் குக்கர் பெட்டியை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். அந்தச் சந்தோஷம் எனக்குப் பதினாறு மணி நேரம் நீடித்தது.

ஆயுத பூஜை சனிக்கிழமையில் வந்தது. காலையிலேயே அத்தை வீட்டில் இருந்த சுத்தியல், ஸ்பேனர், ஸ்குரூட்ரைவர், தையல் மெஷின் கத்தரி, தினேஷின் டூல் பெட்டி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சாமி மேடைக்கு முன்னால் வாழை இலையில் பரப்பி வைத்துவிட்டார். பூஜைக்கு வைத்த கருவியை மறுநாள் விஜயதசமி அன்றுதான் எடுக்க வேண்டும். நடுவில் தொடக் கூடாது. (சமையல் கத்திக்கு மட்டும் விலக்கு உண்டு. இல்லாவிட்டால் சுண்டலுக்குத் தேங்காய் கிடையாது.) தினேஷ் வேலைக்குக் கிளம்புமுன் காடிக்கு, அதாவது காருக்கு, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கு அடியிலும் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்து, நசுக்கிக்கொண்டு புறப்பட்டார். படக் படக்கென்று அந்தச் சத்தம், புளிப்பு வாசனை, காலை வெயில். நான் வாசலில் நின்று ரசித்தேன். ரசித்ததோடு விட்டிருக்கலாம்.

ஒன்பது மணிக்கு எட்டு சேலைகளையும் மெஷினுக்குள் போட்டேன். சோப்பு ஊற்றினேன். கண்ணாடி மூடியை மூடினேன். அந்த நேரம் ஒரு விமானம் இறங்கியது. சபாவில் இருந்து வருகிறதா, பினாங்கில் இருந்து வருகிறதா, உள்ளே ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பவர் என் சமையலறை ஜன்னலைப் பார்ப்பாரா, பார்த்தால் இந்த மயில் நீலம் அவருக்குத் தெரியுமா என்றெல்லாம் யோசித்துக்கொண்டு நின்றேன். அடுத்து இன்னொரு விமானம். பத்தே கால் மணிக்கு அத்தை, "அலசிட்டுச்சா?" என்று முன்னறையில் இருந்து கேட்டபோது குனிந்து பார்த்தேன். தண்ணீரே இல்லை. ஸ்டார்ட் பட்டனை நான் அழுத்தவே இல்லை. "இப்பத்தான் அலசுது அத்தை" என்று சொல்லிக்கொண்டே அழுத்தினேன்.

அதனால் பதினொன்றரை மணிக்குப் பூஜை ஆரம்பிக்கும்போது மெஷின் இன்னும் முடித்திருக்கவில்லை. அத்தை மறுபடியும் குரல் கொடுத்தார். "வீட்டு சாமான் எல்லாத்துக்கும் பொட்டு வெச்சிடு யோகி." ஃபிரிட்ஜ், கிரைண்டர், மின்விசிறி, டிவி எல்லாவற்றுக்கும் வைத்தேன். கடைசியில் மெஷினிடம் வந்தேன். உள்ளே நீலமும் மஞ்சளும் கலந்து சுற்றிக்கொண்டிருந்தன. இவ்வளவு உழைக்கிற மெஷினுக்கு ஒரு பொட்டு போதுமா? ஃபிரிட்ஜ் சும்மாதானே நிற்கிறது, அதற்கும் ஒன்று, இதற்கும் ஒன்றா? மூன்று வைத்தேன். சந்தனத்தில் பன்னீர் கொஞ்சம் கூடிப்போய்த் தளர்வாக இருந்தது. நடுப்பொட்டு மூடியின் முன்விளிம்பில், சரியாகப் பூட்டுக்கு மேலே அமைந்தது. அது மெல்ல வழிந்து இடுக்குக்குள் இறங்குவதைப் பார்த்தேன். அழகாக இருந்தது. மேலே குங்குமமும் வைத்தேன்.

அப்புறம் தட்டில் மிச்சம் இருந்த எலுமிச்சம்பழங்கள் கண்ணில் பட்டன. நாலு. மெஷினுக்கும் நாலு கால்.

தண்ணீர் வடிந்து, அடுத்து பிழிவதற்கு முன் மெஷின் கொஞ்சம் மூச்சு வாங்குமே, அந்த இடைவெளியில் ஒவ்வொரு மூலையாக இடுப்பால் தூக்கி, காலுக்கு அடியில் ஒரு பழத்தைத் தள்ளினேன். காடி தன் எலுமிச்சம்பழத்தைத் தானே நசுக்கியது போல, இதுவும் சுற்றும்போது தானே நசுக்கிக்கொள்ளும் என்பது என் கணக்கு. ஓடி வந்து சாமி முன்னால் கைகூப்பி நின்றேன். அத்தை கற்பூரத்தட்டை எடுத்தார். மணியை ஆட்டினார். பின்னாலிருந்து இன்னொரு சத்தம் கேட்டது. தடக். தடக் தடக். தடதடதடவென்று, யாரோ சமையலறைக்குள் குதிரை ஓட்டுகிற மாதிரி. பிறகு ஒரு நீண்ட பீப். பிறகு ஒன்றுமே இல்லை.

கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். மெஷின் ஓரடி நகர்ந்து, ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. பலகையில் சின்னப் பூட்டுப் படம் மினுங்கியது. மூடியைத் தூக்கினேன். வரவில்லை. கண்ணாடிக்கு அடியில் எட்டு சேலைகளும் ஈரமாக, அமைதியாக, என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தன.

அத்தை பின்னால் வந்து நின்றார். "என்னாச்சு?"

"மூடி தொறக்கல."

"சாமி கும்பிட்டாச்சுல்ல. அதுவும் லீவு எடுத்துக்கிச்சு" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். ஆனால் கடிகாரத்தைப் பார்த்தார், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பக்கத்து ஊர் செடெனாக்கில் மெஷின் கடை வைத்திருக்கும் குமார் அண்ணன்தான் மெஷினை வீட்டில் கொண்டுவந்து பொருத்தியவர். அவருக்குப் போன் போட்டேன்.

"பூட்டு படம் மினுங்குதா?" என்றார்.

"மினுங்குதுண்ணே."

"மூடி லாக் பிரச்சன. பயப்படாத. ப்ளக்க புடுங்கிட்டு பத்து நிமிஷம் சும்மா விடு. திருப்பி போட்டா தானா தொறந்துக்கும்."

பிடுங்கினேன். பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடியில் இரண்டு துளிகள் போட்டி போட்டு இறங்கின. எது முதலில் வரும் என்று பார்த்தேன். அடுத்த இரண்டு. "பத்து நிமிஷம் இன்னுமா ஆகல?" என்று அத்தை கேட்டபோது மணி ஒன்றரை. ப்ளக்கைச் சொருகினோம். பீப் என்றது. பூட்டு மினுங்கியது.

இரண்டு மணிக்குப் பார்வதி அக்கா குடை பிடித்துக்கொண்டு வந்தார். அடுத்த வரிசையில் வீடு, ஊருக்கே கேட்கும் குரல். நடந்ததைக் கேட்டதும், "அலாமாக்!" என்று தலையில் கை வைத்தார். பிறகு, "வேற சேலை கட்டிக்கலாம் சரோஜா. வீட்டுல இல்லாத சேலையா?" என்றார்.

அத்தை முதல்முறையாகக் குரல் உயர்த்தினார். "எட்டு பேரும் எட்டு கலர்ல ஆடினா அது கோலாட்டம் இல்ல பார்வதி, பசார் மாலாம்." இரவுச் சந்தையில் கூடாரத்துக்கு ஒரு நிறம் இருக்கும், அதைச் சொன்னார். சொல்லிவிட்டுச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, என்னிடம் இல்லை, மெஷினிடம் சொன்னார்: "மூனு வருஷம் கேட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. அழுதால் இன்னும் நேரம் போகுமே என்று மறுபடியும் குமார் அண்ணனுக்குப் போன் அடித்தேன். பார்வதி அக்கா ஸ்பீக்கரில் போடச் சொன்னார். (ஏன் கேட்டேனோ.)

"மூடிய நல்லா அமுக்கி பாத்தியா?"

"பார்வதி அக்கா அமுக்கிட்டுத்தான் இருக்காங்க."

"லாக் இருக்கிற இடுக்குல சோப்பு, பஞ்சு ஏதாச்சும் அடைச்சிருக்கா பாரு."

குனிந்து பார்த்தேன். எல்லாம் கல்லாகக் காய்ந்திருந்தது. "சோப்பு இல்லண்ணே. சந்தனம்."

"என்னது?"

"சந்தனம். குங்குமமும் இருக்கு."

"சரி" என்றார், மெதுவாக. "மெஷின் நேரா நிக்குதா? சாஞ்சு நின்னா எடை ஒரு பக்கம் போயிரும், சுத்தும்போது நின்னுரும். கால் நாலும் தரையில இருக்கா?"

"தரையில இல்லண்ணே."

"பின்ன எதுல இருக்கு?"

"எலுமிச்சம்பழத்துல."

குமார் அண்ணன் வாயடைத்துப்போனார். பார்வதி அக்கா மூடியை அமுக்குவதை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். அத்தையும் பார்த்தார்.

"நசுங்கலையா?" என்றார் குமார் அண்ணன். தொழில் தெரிந்தவர் இல்லையா, சரியான கேள்வி.

"ரெண்டு நசுங்கிருச்சு. ரெண்டு நசுங்கல."

"தங்கச்சி, நான் பதினெட்டு வருஷமா மெஷின் பாக்கறேன். உள்ள எலி பூந்து பாத்திருக்கேன். பல்செட்டு எடுத்திருக்கேன். சந்தனம் இன்னைக்குத்தான் பாக்கறேன்."

"நேர்ல வந்து பாருங்கண்ணே, ப்ளீஸ். ஏழரைக்கு கோலாட்டம்."

"வரலாம் லா. ஆனா என் டூல்ஸ் எல்லாம் சாமி முன்னால இருக்கு. காலையிலதான் பூஜை போட்டேன். நாளைக்கு விஜயதசமி, எடுத்த உடனே மொத வேலை உன் வீடுதான்."

மற்ற கடைகளில் திங்கட்கிழமை என்றார்கள். எலுமிச்சம்பழங்களை உருவி எடுத்து, மெஷினை நேராக்கி, மறுபடியும் ப்ளக்கைப் பிடுங்கிப் போட்டோம். பல்குச்சியால் சுரண்டினோம். மேலே சுரண்டச் சுரண்ட உள்ளே இறங்கியது. இனி மேல்தகட்டைக் கழற்றி, பூட்டு இருக்கிற சின்ன பிளாஸ்டிக் பெட்டியைத் தொட்டால்தான் உண்டு, அதற்கு ஸ்குரூட்ரைவர் வேண்டும் என்று குமார் அண்ணன் சொல்லிவிட்டார். ஸ்குரூட்ரைவரா? பத்தடி தூரத்தில், வாழை இலை மேல், எட்டு அளவில், நெற்றியில் பொட்டோடு வரிசையாகப் படுத்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். அத்தை நான் பார்ப்பதைப் பார்த்தார். "தொடாத" என்றார். (அதே இலையில் கோலாட்டக் கோல்கள் பதினாறும் பொட்டு வைத்துக்கொண்டு கிடந்தன. அதை மட்டும் சாயங்காலம் எடுக்கலாமா என்று கேட்க நாக்கு வரை வந்தது. நான் கனவு காண்பவள்தான், பைத்தியக்காரி இல்லை.)

நாலரை மணிக்குள் மற்றவர்களும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். தலையில் மல்லிகை, முகத்தில் பவுடர், உடம்பில் நைட்டி. ஒவ்வொருவராகச் சமையலறைக்கு வந்து, கண்ணாடி வழியே தங்கள் சேலையை எட்டிப் பார்த்து, உச்சுக்கொட்டிவிட்டு முன்னறைக்குப் போனார்கள். துக்க வீடு மாதிரி இருந்தது. யாரோ காப்பி வேறு கலக்கிக் கொடுத்தார்கள்.

ஐந்து மணிக்குப் பக்கத்து வீட்டு வாசலில் காடி வந்து நின்றது. மக்சிக் கமாரியா, அதாவது கமாரியா அம்மா. எனக்குப் பொறி தட்டியது. மக்சிக் தன் வீட்டு அலமாரிகளைத் தானே பொருத்திக்கொள்கிறவர், பேட்டரியில் ஓடும் ஸ்குரூட்ரைவர் சொந்தமாக வைத்திருப்பவர். முக்கியமாக, மலாய்க்காரர். அவருடைய கருவிகளுக்கு இன்று விடுமுறை கிடையாது.

அத்தையிடம் போய் நின்றேன். அவர் கண்ணை மூடி யோசித்தார். "நம்ம பூஜையில வெச்ச சாமான் இல்லல்ல அது? அப்பன்னா பரவால்ல."

"ஆனா மெஷினுக்கு பொட்டு வெச்சாச்சே" என்றார் பார்வதி அக்கா. "அத இன்னைக்கு தொடலாமா?"

மற்ற ஏழு பேரும் அத்தையைப் பார்த்தார்கள். "ஓட்டறது வேற, தொறக்கறது வேற" என்றார் அத்தை. விவாதம் முடிந்தது.

மக்சிக் வந்தார். மெஷினைச் சுற்றிப் பார்த்தார். தரையில் நசுங்கிக் கிடந்த எலுமிச்சைத் தோலை எடுத்து முகர்ந்து, துரு போகவா என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றேன். நல்ல யோசனை என்று பாராட்டினார். ப்ளக்கைப் பிடுங்கச் சொன்னார். குமார் அண்ணன் போனில் சொல்லச் சொல்ல, நான் மலாயில் மாற்றிச் சொல்ல, பின்பக்கம் இரண்டு திருகாணிகள் கழன்றன. மேல்தகடு கொஞ்சம் தூக்கிக்கொண்டது. உள்ளே டார்ச் அடித்தால், சந்தனம் மெழுகிய ஒரு சின்னப் பெட்டி. அதில் நாக்கு மாதிரி ஒன்று பாதி நீட்டியபடி ஒட்டிக்கொண்டிருந்தது. மக்சிக் அதை ஒரு விரலால் பின்னால் தள்ளினார். டிக்.

அந்த டிக் சத்தத்துக்கு முன்னறையில் இருந்து கைதட்டல் வந்தது.

மூடியைத் திறந்தேன். மஞ்சள் கரைகள் எல்லாம் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு, எட்டு சேலைகளும் முறுக்கி, தேர் இழுக்கும் வடம் மாதிரி ஒரே கயிறாக வெளியே வந்தன. வாசல் கூரைக்கு அடியில் நாலு பேர் இந்தப் பக்கம், நாலு பேர் அந்தப் பக்கம் நின்று இழுத்துப் பிரித்தார்கள். ரோஜாப் புள்ளி ஒன்றுகூட இல்லை. அதை நான் சொல்லிக் காட்டினேன். யாரும் கேட்ட மாதிரித் தெரியவில்லை. மழை நிற்கவில்லை, மணி ஐந்தே முக்கால், சேலைகளில் இருந்து தண்ணீர் சொட்டியது.

"டோபி கடை!" என்று கத்தினார் பார்வதி அக்கா. கடைத்தெருவில் காசு போட்டால் நாமே துவைத்துக் காயவைத்துக்கொள்ளும் கடை இருக்கிறதே, அது. அத்தையும் நானும் வாளிகளோடு ஓடினோம். மற்றவர்கள் பூ, சலங்கை, கோல் எல்லாம் எடுத்துக்கொண்டு நேரே கோவிலுக்கு வருவதாக ஏற்பாடு. பார்வதி அக்கா எங்களை இறக்கிவிட்டு, அரை மணி நேரத்தில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கடையில் ஆள் யாரும் இல்லை. பெரிய பெரிய உலர்த்தி மெஷின்கள், ஒவ்வொன்றுக்கும் வட்டமான கண்ணாடிக் கதவு. எட்டையும் ஒன்றில் போட்டு, அவசரத்துக்கு உச்ச சூட்டில் வைத்து, ஓட விட்டோம். எதிரே பிளாஸ்டிக் பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். இனி திட்டு விழும் என்று குனிந்துகொண்டேன். நியாயமாகப் பார்த்தால் விழத்தான் வேண்டும்.

ஒன்றும் விழவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அத்தை கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே சேலைகள் ஈரம் விட விட லேசாகி, மேலே எழுந்து, ஒரு கணம் அந்தரத்தில் நின்று, மெதுவாக விழுந்தன. நீலம் விரியும், மஞ்சள் ஓடும், மறுபடியும் நீலம். வெளியே மழை. கடை முழுக்க சூடான சோப்பு வாசனை, அதில் எங்கேயோ கொஞ்சம் சந்தனம். ஒரு விமானம் போன சத்தம் கேட்டது, இரண்டு பேருமே திரும்பவில்லை.

"மயில் தோகைய விரிக்கிற மாதிரி இருக்குல்ல?" என்றார் அத்தை, வெகு நேரம் கழித்து.

மெஷின் நின்றது. எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தேன். "காஞ்சிருச்சு அத்தை. கெளம்பலாம்."

அத்தை அசையவில்லை. மடியில் இருந்த சில்லறைப் பையைத் தடவினார். அவர் முகத்தில் அப்படி ஒரு பார்வையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கண்ணாடியில் என் முகத்தில் மட்டும் பார்த்திருக்கிறேன். "யோகி," என்றார் ரகசியமாக, "இன்னொரு ரவுண்டு போடலாமா?"

"காஞ்சிருச்சே அத்தை?"

"தெரியுது. சும்மாத்தான்."

போட்டோம். அந்த நிமிடம்தான் எனக்கு என் மாமியாரை மிகவும் பிடித்துப்போயிற்று. தரையில் குந்திக் கும்மிக் கும்மித் துவைத்த இத்தனை வருடத்தில், துணி சுற்றுவதை உட்கார்ந்து பார்க்க அவருக்கு யாரும் நேரம் கொடுத்ததில்லை என்று தோன்றியது. தோள்பட்டை ஒட்டி உட்கார்ந்து, வாயைத் திறந்துகொண்டு பார்த்தோம். பார்வதி அக்கா வந்து காடி ஹாரனை எத்தனை தடவை அடித்தார் என்று எங்களுக்குத் தெரியாது. ஒன்பது தடவை என்று அவர் சொல்கிறார்.

கோவிலுக்குள் நுழையும்போது மணி ஏழே முக்கால். ஒலிபெருக்கியில் கமிட்டிச் செயலாளரின் குரல் கணீரென்று கேட்டது. "பக்தகோடிப் பெருமக்களுக்கு ஓர் அறிவிப்பு. வாஷிங் மெஷின் மூடி திறக்காத காரணத்தால், மாதர் குழுவினரின் கோலாட்டம் சற்றுத் தாமதமாகத் தொடங்கும்." யார் போய்ச் சொன்னது என்று நான் பார்வதி அக்காவைப் பார்த்தேன். அவர் கோபுரத்தைப் பார்த்தார். செயலாளருக்கு அந்த வாக்கியம் பிடித்துவிட்டது போலிருக்கிறது, மூன்று முறை சொன்னார். தாமானே திரும்பி, ஈர வாளியோடு நின்ற என்னைப் பார்த்தது.

பின்னறையில் சேலை கட்டும்போதுதான் விஷயம் வெளிப்பட்டது. இரண்டு ரவுண்டு உச்ச சூடு தன் வேலையைக் காட்டியிருந்தது. எட்டு சேலையும் உயரத்தில் நாலு விரல்கடை சுருங்கியிருந்தன. எப்படி இழுத்துக் கட்டினாலும் கரை கணுக்காலுக்கு மேலேதான் நின்றது. எட்டும் ஒரே அளவு சுருங்கியதால் யூனிபார்முக்கு மட்டும் பங்கம் இல்லை. அத்தை தன் கணுக்காலைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோல்களை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக மேடைக்குப் போனார்.

எட்டு பேரும் ஆடினார்கள். சலங்கைகள் முழுசாக வெளியே தெரிந்து குலுங்கின. கோலோடு கோல் தட்டும் சத்தம் கோவில் கூரையில் போய் முட்டியது. அத்தை முகத்தில் டோபி கடையில் பார்த்த அதே வெளிச்சம் இருந்தது. கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. அடுத்த வருடமும் இருபது நிமிடம், வேண்டுமானால் இருபத்தைந்து என்று கமிட்டித் தலைவரே வந்து சொன்னார். சலங்கை தெரிகிற மாதிரி உயர்த்திக் கட்டியது நல்ல யோசனை என்று ஒரு அம்மாள் அத்தையிடம் சொன்னார். மறுவருடம் பக்கத்துத் தாமான் குழுவினர் கணுக்காலுக்கு மேல் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஆனால் குடும்பத்துக்கு இதெல்லாம் முக்கியமா என்ன? இன்று வரை ஆயுத பூஜை அன்று காலையில் தினேஷ் முன்னறையில் ஒரு நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்து, கையில் ஒரே ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்துவிடுவார். "இத புடிச்சுக்கிட்டு இங்கயே இரு. எதுக்கு அடியிலயும் வெக்காத." வீட்டில் யார் எதற்குத் தாமதமாக வந்தாலும், "வாஷிங் மெஷின் மூடி திறக்காத காரணத்தால்" என்று யாராவது செயலாளர் குரலில் ஆரம்பித்துவிடுவார்கள். பத்து பாகாட்டில் என் அப்பாகூடச் சொல்கிறார்.

வருகிறவர்களுக்கெல்லாம் கதையை முழுசாகச் சொல்வது அத்தைதான். சிராப் ஜாடியில் ஆரம்பித்து, சந்தனம், எலுமிச்சம்பழம், குமார் அண்ணன் வாயடைத்துப்போனது, மக்சிக்கின் விரல் என்று ஒன்று விடாமல் நடித்துக் காட்டுவார். "சேலை எப்படி சுருங்குச்சு?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். "எல்லாம் இவ பண்ண கூத்துதான்" என்று என்னைக் கையால் காட்டுவார், முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. இரண்டாவது ரவுண்டு பற்றி நான் இதுவரை வாய் திறந்ததில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை துணிகளைப் போட்டு, மூடியை மூடி, மறக்காமல் ஸ்டார்ட் பட்டனையும் அழுத்திவிட்டு, நான் பார்ப்பதற்காக வைத்திருக்கும் உயரமான ஸ்டூலைத் தேடினேன். காணவில்லை. திரும்பிப் பார்த்தால், மெஷினுக்கு அந்தப் பக்கம் அதில் அத்தை ஏறி உட்கார்ந்து, இரண்டு கையையும் கண்ணாடி விளிம்பில் ஊன்றிக்கொண்டு குனிந்திருந்தார். பக்கத்திலேயே எனக்கும் ஒன்று போட்டு வைத்திருந்தார்.

"சத்தம் போடாத," என்றார், "இப்பத்தான் தண்ணி ஏறுது."